நாலு தலைமுறைப் பட்டறை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்தில் பொன் வேலை செய்யும் ஆசாரிக் குடும்பம் எங்களுடையது. முன்பக்கம் சின்னக் கடை, பின்பக்கம் பட்டறை. கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று என் மகள் சொன்னாள். கேள்விகளை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். பதில்கள் என்னுடையவை.

எத்தனை தலைமுறையாக இந்தத் தொழில் செய்கிறீர்கள்?

நான் நாலாவது. என் பூட்டனுக்குக் கடை கிடையாது. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், பொன் உருக்கும் மூசை, சாமணம், கம்பியச்சு, உரைகல் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார். அந்தக் காலத்தில் பொன்னை ஆசாரி கையில் கொடுத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஆசாரிதான் பண்ணையக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். உருக்குவதிலிருந்து மெருகு போடுவது வரை வேலை அங்கேயே நடக்கும். வீட்டுப் பெரியம்மா யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். கூலியில் பாதி காசு, மீதி கம்பும் சோளமும்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை முடிந்தால் வேலை குவியும் என்று பாட்டன் சொல்வார். காளை விற்ற பணம் வேறு வழியில் கரைவதற்குள் பொன்னாகிவிட வேண்டும் என்பது அன்றைய கணக்கு. ஈரோட்டில் மஞ்சள் விற்றுவிட்டு வருகிறவர்களிடம் இன்றைக்கும் அதே அவசரத்தைப் பார்க்கிறேன்.

திண்ணையிலிருந்து கடைக்கு வந்தவர் பாட்டன். அப்பா அதை நடத்தினார். இப்போது நான்.

நடுவில் சில வருஷம் பட்டறை மூடிக் கிடந்ததாமே?

ஆமாம். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். 14 காரட் என்றால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டரை பங்குதான் பொன், மீதி செம்பும் வெள்ளியும். அந்த நிறத்தில் ஒரு தாலியைச் செய்து கொண்டுபோய் எந்த வீட்டில் கொடுப்பது? நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்கள் அடுப்பு மூட்ட வழியில்லாமல் நின்றன. உயிரை விட்டவர்களும் உண்டு.

பாட்டன் கோயம்புத்தூருக்குப் போய்ப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊதுகுழல் பிடித்த கை நூல் முடிச்சுப் போட்டது. 14 காரட் தடை 1966-இல் விலகியதும் ஊர் திரும்பினார். அதன் பிறகும் 1968-ஆம் வருஷத்துச் சட்டம், உரிமம், கணக்குப் புத்தகம், சோதனை என்று நெருக்கடி நீண்டது. 1990-இல்தான் அந்தச் சட்டம் முழுவதுமாக நீங்கியது. அந்த இருபத்தேழு வருஷத்தில் எங்கள் உறவில் பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டார்கள். லேத் பட்டறைக்குப் போனவர்கள் உண்டு, எண்ணெய் மில்லுக்குப் போனவர்கள் உண்டு. இன்றைக்குப் பரம்பரை நகைக்கடை என்று பலகை மாட்டும்போது, மாட்ட முடியாமல் போனவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அப்பத்தா நகையை உங்கள் பாட்டன்தான் செய்தார் என்கிறார்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

கொண்டுவாருங்கள், பார்த்த உடனே சொல்லிவிடலாம். பாட்டன் செய்த நகையில் கொக்கிக்குப் பின்புறம் ஊசியால் குத்திய மூன்று புள்ளிகள் முக்கோணமாக இருக்கும். பெயர் எழுத்து எதுவும் போட மாட்டார். புள்ளி தேய்ந்து போயிருந்தாலும் வளையத்தைப் பார்த்தால் தெரியும். அவர் கம்பியைச் சுற்றி வெட்டும்போது வாய் நேராக வெட்டாமல் கொஞ்சம் சாய்வாக வெட்டுவார். சாய்வாக வெட்டினால் ஒட்டும் பரப்பு கூடும், பொடி நன்றாகப் பிடிக்கும், இழுத்தால் சீக்கிரம் விடாது.

பொடி என்பது நகையின் துண்டுகளை ஒட்ட வைக்கும் பற்றாசு. பொன்னோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்த்து, பொன்னுக்கு முன்னால் உருகும்படி செய்து, அரத்தால் ராவி எடுப்போம். அதை வெண்காரத்தோடு இணைப்பில் வைத்து ஊதினால் உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

அந்த நகையைப் பெரிய கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். 22 காரட் இல்லை என்கிறார்கள். உங்கள் பாட்டன் ஏமாற்றிவிட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. வாங்கியவர்களுக்கும் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கேட்க உரிமை உண்டு.

முதலில் மெஷினைப் பற்றி. எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். வைத்த இடத்தில் பொடி ஓடியிருந்தால் குறைத்துக் காட்டும். மேலே முலாம் இருந்தால் கூட்டிக் காட்டும். நகை முழுவதிலும் எவ்வளவு பொன் என்று தெரிய வேண்டுமானால் உருக்கித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்தக் காலத்துப் பொடி. பழைய நகைக்குப் பொன் பெரும்பாலும் ராஜா தலை போட்ட பவுன் காசிலிருந்து வந்தது. அந்தக் காசு 22 காரட், எடை 7.988 கிராம். நாம் சவரனை 8 கிராம் என்று வைத்திருப்பது அதிலிருந்துதான். ஆக, மூசைக்குள் போன பொன் சுத்தம். ஆனால் ஒரு காசுமாலையில் எத்தனை காசு, எத்தனை வளையம், எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள். இணைப்புக்கு இணைப்பு பொடி உண்டு. எல்லாம் சேர்த்து உருக்கினால் மொத்த மாற்று, அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு பொன் என்ற அளவு, இறங்கத்தான் செய்யும். இது செய்தவருக்கும் தெரியும், செய்யச் சொன்னவருக்கும் தெரியும்.

மூன்றாவது, அரக்கு. பழைய கல் அட்டிகையில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும். நாற்பது கிராம் என்று தராசு காட்டுகிற அட்டிகையில் கல்லும் அரக்கும் போனால் ஐந்தாறு கிராம் குறையும். அதைப் பார்த்து நெஞ்சு அடைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளகோவில் பக்கமிருந்து ஓர் அம்மா பாட்டன் செய்த அட்டிகையைக் கொண்டுவந்தார். "ஏனுங்க ஆசாரி, பேத்திக்குக் கண்ணாலமுங்க. இத அழிச்சு ஆரமாப் பண்ணிக் குடுங்க" என்றார். கூடவே ஒரு மஞ்சள் பையில் துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். பாட்டன் கையெழுத்து: கல், அரக்கு நீங்கலாக நாலே கால் பவுன், மாற்றுக் குறையாது. நாலே கால் பவுன் என்றால் 34 கிராம். கல்லைப் பிரித்து, அரக்கை எடுத்து, உருக்கி நிறுத்தேன். 33.4 கிராம் நின்றது. ஐம்பது வருஷத் தேய்மானத்துக்கு அந்த 0.6 கிராம் சரி. பாட்டன் எடையில் தப்பு செய்யவில்லை. மாற்று 89 காட்டியது. 22 காரட்டுக்கு 91.6 இருக்க வேண்டும்.

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். பொடியால் இறங்கியது என்று அந்த அம்மாவிடம் விளக்கலாம், விளக்கினால் ஒத்துக்கொள்வார், உண்மையும் அதுதான் என்று நான் சொன்னேன். அப்பா சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "குறையாதுன்னு எழுதியிருக்குதில்ல" என்றார். 91.6 கணக்கிலேயே எடுத்துக்கொண்டோம். வித்தியாசம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பொன்னிலிருந்து போட்டு நிரப்பினோம்.

அன்றிலிருந்து நாங்கள் வைத்திருக்கும் முறை: பாட்டன் அல்லது அப்பா கைச்சீட்டோடு வரும் நகைக்குச் சீட்டில் எழுதிய மாற்றே கணக்கு. சீட்டு இல்லாமல் புள்ளி மட்டும் இருந்தால், உங்கள் கண் முன்னால் உருக்கி, வருகிற மாற்றுக்குக் கிராம் கணக்காக முழு விலை. இரண்டிலும் எங்களுக்கென்று கழிவு எடுப்பதில்லை.

கேடிஎம் நகை என்றால் சுத்தமான நகைதானே?

அப்படித்தான் விற்றார்கள். நாங்களும் ஒரு காலத்தில் விற்றோம். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பொடியால் ஒட்டிய நகை. ஊதும்போது காட்மியம் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். அதனால் இணைப்பில் மாற்று இறங்காது. உருக்கினாலும் 91.6-க்கு ஒட்டி நிற்கும். நகைக்கு நல்லதுதான், ஊதுகிறவருக்குத்தான் விஷம். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஜன்னல் இல்லாத அறையில் பல வருஷம் ஊதிய என் அப்பா கடைசிக் காலத்தில் நாலு படி ஏற மூச்சு வாங்கினார். இந்திய தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) காட்மியத்தை ஏற்பதில்லை. இப்போது துத்தநாகம் போன்ற வேறு உலோகங்கள் சேர்ந்த பொடிதான் எங்கள் பட்டறையில். யாராவது இன்றும் "கேடிஎம்" என்று சொல்லி விற்றால் அது தரத்துக்கான சான்று ஆகாது. ஹால்மார்க்கைக் கேளுங்கள்.

ஹால்மார்க்கில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று அடையாளங்கள்: பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தர எண், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. குறியீடு. இந்தக் குறியீடு ஒவ்வொரு நகைக்கும் தனி. பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் பதிவு செய்த கடை, சோதித்த மையம், நகை வகை, தரம் எல்லாம் வரும். நீங்கள் வாங்குவது வளையல், செயலி கம்மல் என்று காட்டினால் வாங்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்குக் கட்டாயம் இல்லை. குழந்தைக்கு வாங்கும் குட்டிக் கம்மலில் முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம்.

உங்கள் பழைய நகையில் முத்திரை இல்லாவிட்டால் அது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதி விற்கும் கடைக்குத்தான். வீட்டில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், மாற்றலாம்.

சேதாரம் என்று ஏன் இவ்வளவு பிடிக்கிறீர்கள்?

நகை செய்யும்போது பொன் வீணாவது உண்மை. அரம் ராவும்போது தூளாகும், மெருகில் போகும், உருக்கும்போது மூசையில் ஒட்டும். ஆனால் அந்தத் தூளை நாங்கள் விட்டுவிடுவதில்லை. பட்டறைத் தரையைக் கூட்டிய மண், கை கழுவிய தண்ணீர், உட்கார்ந்த கோணிச்சாக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கழுவிப் பொன் எடுப்போம். கோவையில் நகைப் பட்டறைகள் நெருங்கிய வீதிகளில் விடியற்காலையில் சாக்கடை மண்ணை அள்ளிச் சலித்தே பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. ஆக, பில்லில் எழுதும் சேதாரம் முழுவதும் சேதம் ஆவதில்லை. அதில் ஆசாரி கூலி, கடை வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடக்கம். இதை வெளிப்படையாகச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

கணக்கு எளிதாக வர, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன் சங்கிலி, சேதாரம் 12 சதவீதம், செய்கூலி 1,000. பொன் 80,000. சேதாரம் 9,600. செய்கூலியும் சேர்ந்தால் 90,600. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,718. மொத்தம் 93,318 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் ஐம்பது ரூபாய்ச் சொச்சம் தனி. மறுநாளே அந்தச் சங்கிலியை விற்க வந்தால் 80,000-க்குத்தான் பொன் இருக்கிறது. பதின்மூன்றாயிரம் ரூபாய் போட்டுக்கொள்வதற்கான விலை. போட்டுக்கொள்ள வாங்குகிறவர்களுக்கு அது நியாயம். சேமிக்க வாங்குகிறவர்கள் காசாகவோ கட்டியாகவோ வாங்கினால் இந்தத் தொகையில் பெரும்பகுதி மிச்சமாகும் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

எங்கள் கையில் செய்யும் வேலைக்கு 8 சதவீதத்திலிருந்து, நுணுக்கமான கல் வேலைக்கு 16 வரை வாங்குகிறோம். பேரம் பேசலாம். ஆனால் "சேதாரமே இல்லை" என்று எங்கேயாவது எழுதியிருந்தால் கல் எடையைப் பொன் விலையில் சேர்த்திருக்கிறார்களா, கிராம் விலையைக் கூட்டியிருக்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நகையை அழித்துப் புதிது செய்யலாமா?

செய்யலாம், எங்கள் வேலையில் பாதி அதுதான். இருந்தாலும் அவசரப்பட வேண்டாம் என்பேன். கை வேலை அட்டிகையை உருக்க மூசைக்குப் பத்து நிமிஷம் போதும். அதைத் திரும்பச் செய்ய இன்றைக்கு ஆள் தேட வேண்டும். தேய்ந்த சங்கிலி, நசுங்கிய வளையல் என்றால் தாராளமாக அழியுங்கள். நல்ல வேலைப்பாடு இருந்தால் முதலில் கொக்கி மாற்றலாமா, கல் மாற்றி மெருகு போடலாமா என்று கேளுங்கள். போன மாசிக்கு ஒரு கல்யாணப் பெண் பூட்டியின் காசுமாலையை அழிக்க வந்து, மெருகு மட்டும் போட்டுக்கொண்டு போனாள்.

எதுவானாலும் உருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்களிடம் மட்டும் இல்லை, எந்தக் கடையிலும். உருக்கும் முன் எடை, உருக்கிய பின் எடை, மாற்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

தாலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

ஒரு மாதம் போதும். தை, மாசி, வைகாசி, ஆவணி என்றால் நாற்பது நாள். நல்ல நாள் பார்த்துப் பொன் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரையாவது கூட்டி வாருங்கள். குலத்துக்குக் குலம், சில சமயம் ஒரே குலத்தில் ஊருக்கு ஊர் தாலியின் வடிவம் மாறும். "எங்கூட்டுத் தாலி மாதிரி" என்று சொன்னால் போதாது. மாமியார் தாலியையோ அதன் போட்டோவையோ காட்டினால் தப்பு வராது. தாலிக்கான பொன்னை வேறு நகைப் பொன்னோடு கலக்காமல் தனி மூசையில் உருக்குகிறோம். அது பூட்டன் நாளிலிருந்து உள்ள வழக்கம்.

காது குத்த வருவீர்களா?

வருவோம். குலதெய்வக் கோயிலுக்கே வருவோம். நாள் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். தாய்மாமன் மடி, வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் உங்கள் பொறுப்பு. சுத்தம் செய்த கம்பியும் மருந்தும் எங்கள் பொறுப்பு.

காங்கேயம் கல் என்று விற்கிறார்களே, அது உண்மையா?

இந்த மண்ணில் கல் கிடைப்பது உண்மை. காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் உள்ள படியூரில் பெரில் வகைக் கல், நீலமும் பச்சையும் கலந்த கடல் நிறத்தில், பழங்காலத்திலிருந்தே எடுக்கப்பட்டது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம். எனக்குப் பெரிய ஆச்சரியம் முடிந்த மணிகளில் இல்லை. உடைந்ததும், பாதி துளையிட்டதும், மெருகு போடாததுமாக விட்டுவிட்டுப் போனவற்றில் இருக்கிறது. பட்டறைக்காரனுக்குத்தான் அது புரியும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே உட்கார்ந்து ஒருவர் துளை போட்டிருக்கிறார், கல் விரிசல் விட்டிருக்கிறது, சலித்துக்கொண்டு தள்ளி வைத்திருக்கிறார். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

ஆனால் இன்று கடைகளில் காங்கேயம் கல் என்று வருவதெல்லாம் இந்த மண்ணில் எடுத்தது என்று சொல்ல முடியாது. வெளியூர்க் கல்லை இங்கே பட்டை தீட்டுவதும் உண்டு, கண்ணாடியும் உண்டு. ராசிக்கல் என்று அதிக விலை சொன்னால் சோதனைச் சான்று கேளுங்கள். கல் ராசி பார்த்து நாங்கள் சொல்வதில்லை. எங்களுக்கு அது தெரியாது.

வெள்ளிக் கொலுசு செய்வீர்களா?

இல்லை. சேலத்திலிருந்து வாங்கி விற்கிறோம். அந்த வேலையில் அவர்கள் கை வேறு.

நகைச் சீட்டு நடத்துகிறீர்களா?

இல்லை. பாட்டன் காலத்தில் ஒரு தடவை நடத்தி, விலை ஏறியபோது சொன்ன எடையைக் கொடுக்க வீட்டை அடமானம் வைத்தார். மற்ற இடத்தில் சேருகிறவர்களுக்கு ஒன்று: பதினொரு மாதம் என்று வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நிறுவனங்கள் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் பணத்தை வைத்துக்கொண்டு வட்டி மாதிரி ஏதாவது தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள்.

வீட்டில் எவ்வளவு நகை வைத்திருக்கலாம்?

வாங்கியதற்கு அல்லது வந்த வழிக்குக் கணக்கு இருந்தால் எவ்வளவும் வைத்திருக்கலாம். கணக்குக் காட்ட முடியாவிட்டாலும், வருமான வரிச் சோதனையில் கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், கல்யாணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்வதில்லை என்பது 1994-இல் வந்த அறிவுறுத்தல். சீராக வந்த நகைக்கு ஒரு தாளில் யார் கொடுத்தது, எத்தனை கிராம் என்று எழுதி வைத்தாலே பின்னால் உதவும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை. தெரிந்தவர் என்பதற்காக வற்புறுத்தாதீர்கள்.

உங்களுக்குப் பின்னால் யார்?

மகன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் இருக்கிறான், அவனுக்கு இதில் மனசு இல்லை. மகள் கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்து கோவைக்கு அனுப்பி அச்சு எடுக்கிறாள். போன வருஷம் ஊதுகுழலும் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பெண்கள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. அம்மா தயங்கினார். நான் பாட்டனின் உரைகல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இப்போது உரைத்துப் பார்த்து மாற்றுச் சொல்கிறாள், மெஷின் காட்டுவதற்கு அரை புள்ளி முன்பின்னாக. முதலில் செய்த மோதிரத்தில் பொடி வழிந்து வெளியே தெரிந்தது. அதை அவளே உருக்கினாள். கொக்கிக்குப் பின்னால் என்ன அடையாளம் போடுவாள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உங்கள் பாட்டன் செய்த நகை ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா?

ஒன்றுகூட இல்லை. பாட்டிக்கு அவர் செய்துபோட்ட தோடும் சரடும் 1963-க்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. சீட்டு நடத்திய கடனில் மீதியும் போனது. அவர் கைவேலை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் வீடுகளிலிருந்து வந்து, நான் உருக்கியவைதான். மூன்று புள்ளி போட்ட நகை உங்களிடம் இருந்தால், விற்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். நிறுத்து, போட்டோ எடுத்து, மெருகு போட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம். கூலி வேண்டாம். செவ்வாய்க்கிழமை கடை லீவு. மற்ற நாள் காலை பத்து மணிக்கு மேல் வந்தால் மகளும் இருப்பாள்.